மண்ணுக்குள்ள வாழ்ற கேடயவால் பாம்பை பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்குறது எப்படி: மலைக்கு புதுசா வர்ற டீச்சர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, இல்ல அந்தப் பக்கம் கொடைக்கானல், பண்ணைக்காடு, எங்கயா இருந்தாலும் பிள்ளைங்களுக்கு காட்டு விலங்கு பத்தி சொல்லிக் கொடுக்கலாம்னு புதுசா வர்றவங்க முதல்ல கையில எடுக்குறது யானை, புலி, வரையாடு, காட்டெருமை. தப்பில்ல. ஆனா என்னைக் கேட்டா முதல் பாடத்துக்கு கேடயவால் பாம்பை எடுங்கன்னுதான் சொல்லுவேன். விரல் தடிமன், சுமாரா ஒரு அடி நீளம், வாழ்க்கை பூரா மண்ணுக்குள்ள, மண்புழுதான் சாப்பாடு, விஷம் கிடையாது. வரையாடு பாக்கணும்னா முக்கூர்த்திப் பக்கம் மலை ஏறணும், இது பிள்ளை நிக்கிற தரைக்கு கீழயே இருக்கு. இன்னொண்ணு, எஸ்டேட் லைன் வீட்டுலயும் ஹட்டின்னு சொல்ற படகர் ஊர்லயும் வளர்ற பிள்ளைங்க முக்காவாசி பேரு இதை ஏற்கனவே பாத்திருப்பாங்க, ஆனா எப்படின்னா அப்பா கேரட் காட்டுல மம்முட்டி போடுறப்ப ரெண்டா வெட்டுப்பட்டு கிடந்ததையோ, மழை விட்ட மறுநாள் ரோட்டுல நசுங்கிக் கிடந்ததையோதான். உயிரோட பாத்தவங்க கம்மி. அதனாலதான் இது முக்கியம்னு நான் நினைக்கிறேன், பயந்து அடிக்கிற ஒரு ஜீவனைப் பத்தி பிள்ளைக்கு நிஜமான விஷயம் தெரிஞ்சா அந்த வீட்டு மம்முட்டி அடுத்த தடவை ஒரு நிமிஷம் நிக்கும்.

கீழ சொல்றது அஞ்சாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களை மனசுல வச்சு. ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, நாலஞ்சு வாரமா பிரிச்சுக்கோங்க.

முதல்ல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது

இந்தக் குடும்பத்துக்கு யூரோபெல்டிடேன்னு பேரு. உலகத்துலயே தென்னிந்தியாவை ஒட்டின தீபகற்பப் பகுதியிலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு, வேற எந்த நாட்டுலயும் கிடையாது. இதுல அம்பதுக்கு மேல வகை இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில ஒவ்வொரு மலைக்கும் அதுக்குன்னே சொந்தமா ஒண்ணு ரெண்டு இருக்கும். நீலகிரியில அடிக்கடி பாக்குறது பெரோட்டே கேடயவால், 1854-ல பிரெஞ்சு விஞ்ஞானிங்க புது வகைன்னு விவரிச்சது, 1830-கள்ல நீலகிரிக்கு வந்து செடி கொடி சேகரிச்ச பெரோட்டே பேரை வச்சாங்க. பழனி மலைக்கு பழனிமலை கேடயவால்னே ஒண்ணு இருக்கு, அதை 1863-ல விவரிச்சவர் அப்போ மெட்ராஸ் மாகாணத்துல வனத்துறை அதிகாரியா இருந்த பெடோம். அங்கயிருந்து கொஞ்சம் தள்ளி இருக்குற சிறுமலைக்கும் திண்டுக்கல் பேர்லயே ஒரு வகை. நம்ம ஆளுங்கள்ல பாளையங்கோட்டை எம்.வி.ராஜேந்திரன் இந்தப் பாம்புங்களைத் தேடித்தேடிப் படிச்சவர், அவரோட ஆராய்ச்சியை 1985-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டுச்சு. இதைப் பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பாம்பு ஆராய்ச்சின்னா டிவியில வர்ற வெள்ளைக்காரங்க வேலைன்னு ஒரு எண்ணம் இருக்கு, அது போகணும்.

ஏன் மலைக்கு மலை வேற வேற வகைன்னு நிச்சயமா ஒரு பிள்ளை கேக்கும். மண்ணுக்குள்ள ஊர்ற ஒரு அடி பாம்பு எவ்வளவு தூரம் போயிரும்? நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவுல பாலக்காட்டுக் கணவாய் கிடக்கு, கீழ சூடு, காஞ்ச மண்ணு. மேல ஈரமான குளுகுளு மண்ணுலயே இருந்து பழகினது அதைத் தாண்டி வராது. அப்படி பல லட்சம் வருஷம் தனித்தனியா இருந்ததுல ஒவ்வொண்ணும் தனி வகையா ஆகிப்போச்சு. ஒரு மேப்பை விரிச்சு பிள்ளைங்களையே மலையை எல்லாம் பச்சைக் கலர் அடிக்கச் சொல்லிட்டு, இப்போ இந்தப் பச்சையில இருந்து அந்தப் பச்சைக்கு ஊர்ந்து போற வழி காட்டுன்னு கேளுங்க, அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி பாதுகாப்பு

இந்த வகுப்பு பாம்பைத் தெரிஞ்சுக்கத்தான், தொடுறதுக்கு இல்ல. இதை முதல் நாளே சொல்லிருங்க, ஒவ்வொரு நாளும் திரும்பச் சொல்லுங்க. கேடயவாலுக்கு விஷம் இல்லன்னு சொன்ன அடுத்த நிமிஷம் ஒரு பையன் ஒல்லியா இருக்குற பாம்பை எல்லாம் தூக்கிப் பாக்க ஆரம்பிச்சுருவான், இதுதான் பெரிய ஆபத்து. ஏன்னா நம்ம மலையில பவளப்பாம்பு இருக்கு, அதுவும் ஒல்லி, அதுவும் இலைச்சருகுக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கும், முதுகுல நீளவாக்குல கருப்புக் கோடு, வயிறு சிவப்பு, விஷம் உள்ளது. குழிவிரியன் வேற இருக்கு, சின்னது, கல்லோரமா அசையாம படுத்திருக்கும். பெரியவங்களுக்கே சட்டுன்னு வித்தியாசம் தெரியாது, பத்து வயசுப் பிள்ளைக்கு எங்க தெரியும். அதனால ரூல் ஒண்ணே ஒண்ணு: எந்தப் பாம்பா இருந்தாலும் மூணு எட்டு பின்னாடி, பெரியவங்களைக் கூப்பிடு. யாரையாவது கடிச்சிட்டா கட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாய் வச்சு உறியக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம 108-க்கு போன் பண்ணி நேரா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி. பிள்ளைங்களை விட்டே ரெண்டு தடவை நடிச்சுப் பாக்க வைங்க.

உயிருள்ள பாம்பை கிளாஸுக்கு எடுத்துட்டு வர்ற வேலையே வேண்டாம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைப் பிடிக்கிறதும் வச்சுக்கிறதும் குத்தம். செத்ததா இருந்தாலும் பாட்டில்ல போட்டு அலமாரியில வைக்காதீங்க, அதுக்கும் அனுமதி வேணும். அதெல்லாம் இல்லாம எப்படிச் சொல்லிக் கொடுக்குறதுன்னா கேரட், களிமண், பழைய சாக்ஸ், உப்புத்தாள், ஒரு துண்டு சைக்கிள் செயின், இது போதும்.

பாம்பைக் காட்டாதீங்க, மண்ணைக் காட்டுங்க

நிறைய பேரு செய்றது என்னன்னா முதல்லயே பாம்பு போட்டோவைக் காட்டி, பாரு தலை கூரா இருக்கு, வால் தட்டையா இருக்கு, கண்ணு சின்னதா இருக்கு, எழுதிக்கோன்னு சொல்லிருவாங்க. பிள்ளையும் எழுதிக்கும். மண்டையில ஒண்ணும் நிக்காது. உடம்பு அப்படி இருக்குறதுக்கு காரணம் அது வாழ்ற இடம், அந்த இடத்துல என்ன கஷ்டம்னு பிள்ளைக்கு முதல்ல தெரியணும், அப்புறம்தான் உடம்பைப் பாத்தா அர்த்தம் புரியும். அதனால முதல் வாரம் பாம்புங்கிற பேச்சே எடுக்காதீங்க.

ஸ்கூல் பின்னாடியோ யாராவது தோட்டத்து ஓரத்துலயோ கேட்டுட்டு ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்க. மம்முட்டி பெரியவங்க கையில இருக்கட்டும், மெதுவா வெட்டுங்க, உள்ள ஏதாவது இருந்தா வெட்டுப்படக் கூடாது. பிள்ளைங்களை சுத்தி உக்கார வச்சு மண்ணைப் பாக்க விடுங்க: மேல கருப்பா இலைமக்கு, கீழ போகப்போக செம்மண்ணு, நடுவுல வேர், மண்புழு, வண்டுப்புழு, அதிர்ஷ்டம் இருந்தா பிள்ளைப்பூச்சி. பிள்ளைப்பூச்சி கிடைச்சா விடாதீங்க, அதோட முன்னங்காலை லென்ஸ் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, தோண்டுறதுக்குன்னே அகலமா பல்லு பல்லா இருக்கும். அதுவும் மண்ணுல வாழுது, ஆனா அது காலை வச்சுத் தோண்டுது. கால் இல்லாதது என்ன பண்ணும்? இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுட்டு பதில் சொல்லாம விட்டுருங்க.

அதே குழியில தெர்மாமீட்டர் வைங்க. தரை மேல ஒண்ணு, அரை அடி ஆழத்துல ஒண்ணு, ஒரு அடியில ஒண்ணு. ஒரே ஒரு தெர்மாமீட்டர்தான் இருக்குன்னா மாத்தி மாத்தி வச்சுப் பாக்கலாம், கண்ணாடி தெர்மாமீட்டரா இருந்தா முதல்ல குச்சியால ஓட்டை போட்டுட்டு அப்புறம் இறக்குங்க, உடைஞ்சா பாதரசம் வெளிய வந்துரும். காலையில ஸ்கூல் ஆரம்பிக்கிறப்ப ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை எழுதணும், ஒரு வாரம். மேல இருக்குறது ஏறி இறங்கும், கீழ இருக்குறது அவ்வளவா அசையாது. இதை டிசம்பர் ஜனவரியில பண்ணீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும், தலைக்குந்தா, காந்தல் பக்கமெல்லாம் விடிகாலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும், பக்கத்துலயே ஒரு அடி கீழ மண்ணு உறையாம இருக்கும். நோட்டுல அந்த நம்பரைப் பாத்ததும் பிள்ளைங்களே சொல்லிருவாங்க, குளிருக்கு உள்ள போயிட்டா தப்பிச்சுக்கலாம்னு. நீங்க வாயே திறக்க வேண்டாம்.

இப்போ மண்ணுக்குள்ள இருக்குறதுல நல்லது என்ன கஷ்டம் என்னன்னு போர்டுல அவங்க சொல்லச் சொல்ல எழுதுங்க. குளிர் கம்மி, சாப்பிட மண்புழு இருக்கு, பருந்து வராது, இதெல்லாம் ஒரு பக்கம். இருட்டு, நெருக்கடி, மண்ணு கண்ணுல விழும், உடம்புல ஒட்டும், பின்னாடி யாராவது வந்தா திரும்ப இடமில்ல, முட்டை வைக்க சூடு இல்ல, மூச்சு முட்டும், இது இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது லிஸ்ட்தான் உங்க பாடம் முழுக்க. ஒரு சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டி வைங்க, இனிமே ஒவ்வொரு வாரமும் அதுல ஒரு கஷ்டத்தை எடுத்து பாம்பு அதை எப்படி சமாளிக்குதுன்னு பாப்போம்.

களிமண் விளையாட்டு

ரெண்டாவது வாரம். ஆளுக்கு ஒரு உருண்டை களிமண் கொடுத்து, கை கால் இல்லாம மண்ணுக்குள்ள போகக்கூடிய ஒரு ஜீவனை செய்யச் சொல்லுங்க, விரல் நீளம் போதும். நல்லா காயணும், மழைக்காலம்னா அடுப்புப் பக்கத்துல வச்சு ரெண்டு நாள் காய விடுங்க. ஒரு டப்பாவுல சலிச்ச ஈர மண்ணை நிரப்பி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஜீவனை பின்னாடி இருந்து ஒரு விரலால மட்டும் தள்ளி உள்ள இறக்கணும். உருண்டைத் தலை நிக்கும், கொம்பு வச்சது உடையும், கூர்த் தலை இறங்கும், ரொம்ப ஒல்லியான கூரும் சில சமயம் ஒடிஞ்சிரும்.

இதோட நிறுத்தாதீங்க, இதுக்கு அப்புறம் வர்றதுதான் விஷயமே. நல்லா இறங்கின நாலைந்தை மட்டும் வச்சுட்டு மிச்சத்தை எடுத்துருங்க. எல்லாரும் இப்போ அந்த நாலைந்தைப் பாத்து காப்பி அடிச்சு செய்யணும், காப்பி அடிக்கிறப்ப எப்படியும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். திரும்ப காய வச்சு, திரும்ப தள்ளி, திரும்ப எடுக்கணும். மூணு சுத்து போனா போதும், வரிசையா வச்சுப் பாத்தா முதல் சுத்துல இருந்ததுக்கும் கடைசிக்கும் உருவமே வேற. பிள்ளைங்க எப்பவும் சொல்றது, பாம்பு மண்ணுக்குள்ள போகணும்னு நினைச்சுச்சு, அதனால தலை கூராச்சுன்னு. டீச்சருங்களே அப்படி சொல்றதைக் கேட்டிருக்கேன், எனக்கு அது மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த ஒரு வாக்கியத்துல அறிவியல் மொத்தமும் தலைகீழா போயிருது. யாரும் நினைக்கல. பிறந்ததுல கொஞ்சம் கூடுதலா கூர்த் தலை வச்சிருந்தது கூடுதலா மண்புழு புடிச்சுச்சு, கூடுதலா குட்டி போட்டுச்சு, மிச்சது கம்மியாச்சு, அப்படியே தலைமுறை தலைமுறையா. களிமண் வரிசை கண்ணு முன்னாடி இருக்குறப்ப இதை சொன்னா ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு நல்லாவே புரியும்.

இப்போ பாம்பு: தலையில இருந்து வால் வரைக்கும்

மூணாவது வாரம் போட்டோவை எடுங்க. பெருசா பிரின்ட் போட்டுக்கோங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலும் வைங்க, இல்லன்னா பிள்ளைங்க அதை மலைப்பாம்பு சைஸுக்கு நினைச்சுக்குவாங்க. ஆளுக்கு ஒரு கேரட் கொடுங்க, ஊட்டியில அதுக்கா பஞ்சம். ஒல்லியான நுனி தலை, தடிச்ச பக்கம் வால், வால் பக்கத்தை கத்தியால சாய்வா ஒரே வெட்டா நீங்களே வெட்டிக் கொடுத்துருங்க.

தலை. கூரா, கழுத்துன்னு தனியா தெரியாம உடம்போட சேந்தே இருக்கும், மண்டை ஓடு கெட்டி. கண்ணு குட்டியூண்டு, அதுக்கு மேல செதில் மூடி இருக்கும், மண்ணு உள்ள போகாது. லிஸ்ட்ல ரெண்டு கஷ்டம் அடிச்சாச்சு.

தோள் பக்கம்னு சொல்லலாமா, அந்த முன் உடம்பு. இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க, இந்தப் பாம்புல என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்துறது இதுதான். சாதாரணப் பாம்பு மொத்த உடம்பையும் வளைச்சு வளைச்சுப் போகும், குறுகின பொந்துக்குள்ள அப்படி வளைய இடம் ஏது? கேடயவால் என்ன பண்ணுதுன்னா தோலுக்கு உள்ளயே முதுகெலும்பை மட்டும் வளைக்குது. வெளியில பாத்தா உடம்பு நேராத்தான் இருக்கும், ஆனா அந்த இடம் தடிச்சு ரெண்டு பக்கச் சுவத்தையும் அழுத்திப் பிடிச்சுக்கும். அப்படி பிடி கிடைச்சதும் வளைஞ்ச எலும்பை நிமித்தும், தலை முன்னாடி மண்ணைக் குத்திட்டுப் போகும், அப்புறம் பின்னாடி உடம்பை இழுத்துக்கும். இந்த வேலையெல்லாம் உடம்போட முன் பகுதிதான் செய்யுது, அதனால அங்க இருக்குற தசை கருஞ்சிவப்பு, ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற மையோகுளோபின் அதிகம், களைப்பில்லாம ரொம்ப நேரம் உழைக்கும். பின்பக்கத் தசை வெளுப்பா இருக்கும், அது சும்மா கூட வருது. கார்ல் கான்ஸ்ங்கிற விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் 1978-ல இதை எழுதினாங்க. பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லலாம்னா, நம்ம மலை ரயில் கல்லாறுல இருந்து குன்னூர் ஏறுறப்ப இன்ஜின் பின்னாடி நின்னு பெட்டியைத் தள்ளும் இல்ல, இந்தப் பாம்புக்கு இன்ஜின் முன்னாடி, பின்னாடி எல்லாம் பெட்டி.

சொன்னா மட்டும் பத்தாது, செஞ்சு காட்டுங்க. பழைய நீள சாக்ஸோட நுனியை வெட்டிட்டு அதுக்குள்ள ஒரு முழம் சைக்கிள் செயினை விடுங்க, கழுவி எண்ணெய் துடைச்ச செயினா இருக்கட்டும். ரெண்டு கனமான புக்கை இடைவெளி விட்டு மேஜை மேல வச்சு, அது பொந்து. சாக்ஸை அந்த இடைவெளியில படுக்க வச்சு ஒரு நுனியைப் பிடிச்சுட்டு இன்னொரு நுனியில செயினைத் தள்ளுங்க. உள்ள செயின் மடங்கி மடங்கி நிக்கும், சாக்ஸ் தடிச்சு ரெண்டு புக்கையும் இறுக்கிப் பிடிக்கும், இப்போ சாக்ஸை இழுத்தா வராது. பிடிச்ச நுனியை விட்டுட்டு பின்னாடி இருந்து தள்ளிட்டே இருந்தா செயின் நிமிந்து முன்னாடி போகும். இதை ஒவ்வொரு பிள்ளையும் கையால செய்யணும், நீங்க மட்டும் செஞ்சு காட்டிட்டு அடுத்ததுக்குப் போயிராதீங்க, நேரம் ஆனாலும் பரவாயில்ல.

செதில். வழவழன்னு இருக்கும், வெயில் பட்டா நீலமும் ஊதாவுமா மின்னும். அந்தக் கலர் சாயம் கிடையாது. செதில் மேல கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான வரிகள் இருக்கு, வெளிச்சம் அதுல பட்டுப் பிரியுது. ஒரு பழைய சிடியைத் திருப்பிக் காட்டுங்க, அதுலயும் வரிதான். மின்னுறதால மண்ணுக்குள்ள அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அங்க யாரு பாக்கப் போறா. அந்த வரியோட வேலை வேற, ஈர மண்ணு உடம்புல ஒட்டாம நழுவிப் போறது, உராய்வு குறையுறது. அழகு கூடவே வந்தது, அவ்வளவுதான். வயித்துச் செதிலும் குறுகல், மரம் ஏறுற பாம்புக்கு இருக்குற அகலமான பட்டை இதுக்குத் தேவைப்படல.

வால். இங்கதான் பேரு வந்துச்சு. இந்தக் குடும்பத்துக்குள்ள யூரோபெல்டிஸ்ங்கிற பேரினத்துல பலதுக்கு வால் நுனி சாய்வா வெட்டி எடுத்தாப்ல, கேடயம் மாதிரி தட்டையா இருக்கும், அந்தத் தட்டு மேல செதில் சொரசொரப்பு, அதுல மண்ணு அப்பிக்கும். உடம்பு பூரா மண்ணு ஒட்டாத பாம்புக்கு வால்ல மட்டும் மண்ணு ஒட்டுது! பொந்துல முன்னாடி போறப்ப பின்னாடி வாசலை அந்த மண் அடைப்பு மூடிக்கும். கேரட்ல சாய்வா வெட்டின முகத்துல உப்புத்தாள் ஒட்டுங்க, மிச்ச கேரட்டுக்கு லேசா தேங்காய் எண்ணெய் தடவுங்க, சேத்துல முக்கி எடுத்து உதறினா எங்க மண்ணு நிக்குதுன்னு பளிச்சுன்னு தெரியும். ஒரு எச்சரிக்கை, நீலகிரியில அதிகமா பாக்குற பெரோட்டே வகைக்கு இவ்வளவு பெரிய தட்டு கிடையாது, வால் பக்கவாட்டுல கொஞ்சம் ஒடுங்கி நுனியில ஒண்ணுக்கு மேல ஒண்ணா குட்டி முனை இருக்கும். போட்டோ எந்த வகைன்னு பாத்து சொல்லுங்க.

வாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியில மாட்டிக்கிட்டா பாம்பு தலையை உடம்புக்கு அடியில ஒளிச்சுட்டு வாலைக் காட்டும். காட்டுக்கோழியோ மயிலோ தலைன்னு நினைச்சு அதைக் கொத்தினா கெட்டியான வால்தானே, தலை தப்பிச்சிரும்.

கடைசியா குட்டி. இது முட்டை வச்சுட்டுப் போறதில்ல, குட்டியாவே போடும். குளிரான இடத்துல வாழ்ற பல பாம்புக்கு இந்தப் பழக்கம் இருக்கு, நம்ம குழிவிரியனுக்கும் உண்டு. குளிர்ந்த மண்ணுல முட்டையை விட்டா அதோட கதி என்ன, தாயோட வயித்துக்குள்ள இருந்தா தாய் கொஞ்சம் கதகதப்பான இடமா பாத்து நகந்துக்கலாம் இல்லையா. அந்த தெர்மாமீட்டர் நோட்டை இப்போ திரும்ப எடுத்து வைங்க.

"அக்கா, அதுக்கு மூச்சு முட்டாதா"ன்னு ஒரு பிள்ளை கேக்கும், கேக்காம விடாது. ஒரு கண்ணாடி டம்ளர்ல காஞ்ச மண்ணை நிரப்பி மெதுவா தண்ணி ஊத்துங்க, குமிழ் குமிழா வரும். மண்ணு பொடிக்கு நடுவுல காத்து இருக்குன்னு வேற விளக்கமே வேண்டாம். பாம்புக்கு நம்ம அளவு காத்தும் தேவையில்ல, அது ரத்தத்தை சூடா வச்சுக்குற பிராணி இல்ல.

வீட்டுல சொல்றதை எப்படிக் கையாள்றது

பிள்ளைங்க வீட்டுல கேட்டதோட வருவாங்க. ரெண்டு தலை இருக்கு, ஆறு மாசம் இந்தப் பக்கம் போகும் ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும், நக்கினா குஷ்டம் வரும், பிடிச்சு வித்தா கோடி ரூபா. இதுல பாதி கதை சமவெளியில இருக்குற மண்ணுளிப் பாம்பு மேல கட்டினது, அது வேற குடும்பம், வால் மழுங்கி தலை மாதிரி தெரியும், அந்தக் கதை மலைக்கு ஏறி வந்து இது மேலயும் ஒட்டிக்கிச்சு. குஷ்டம் பாக்டீரியாவால வர்றது, பாம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கோடி ரூபாங்கிறது ஏமாத்துக்காரங்க பேச்சு, அதை நம்பிப் பாம்பைப் பிடிச்சவங்க ஜெயிலுக்குப் போயிருக்காங்க.

ஆனா பாட்டி சொன்னது பொய்னு மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லாதீங்க. பாட்டி வால் பக்கமும் தலை தெரியுதுன்னு கவனிச்சு சொன்னாங்கல்ல, அந்தக் கவனிப்பு சரிதான், ஏமாத்துறதுக்குத்தான் அந்த வாலே அப்படி இருக்கு. பாட்டி பாத்தது நிஜம், காரணம் நமக்கு இப்போ தெரியும். இப்படிச் சொன்னா பிள்ளை வீட்டுக்குப் போய் சண்டை போடாது, கூட உக்காந்து பேசும். "ஆயா, அந்தப் பாம்பை எங்க பாத்தீங்க, எந்த மாசம்"னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. தோட்ட வேலை பாத்த பெரியவங்க சொல்ற தகவல் நல்லா இருக்கும், உரக்குழியில சாணிக்குப்பையைக் கிளர்றப்ப, உருளைக்கிழங்கு தோண்டுறப்ப, மழை பிடிச்சா வரப்புல. உரக்குழியில ஏன் இருக்கும்னு பிள்ளையைக் கேளுங்க. சாணியில மண்புழு, மண்புழு இருந்தா இது இருக்கும். மருந்து அதிகமா அடிச்ச காட்டுல மண்புழு போயிருச்சுன்னா இதுக்கு என்ன ஆகும்ங்கிற கேள்வி தானா வரும், வந்தா பேசுங்க, விவசாயியைத் திட்டுற மாதிரி மட்டும் போகாம பாத்துக்கோங்க, அந்த விவசாயிதான் அந்தப் பிள்ளையோட அப்பா.

சின்னப் பிள்ளைங்க, அதாவது ஒண்ணாவது ரெண்டாவதுன்னா குழி, கேரட், சேறு இது மூணு போதும், தசை எலும்பெல்லாம் வேண்டாம். ஒம்போதாவது பத்தாவதுன்னா மலைக்கு மலை வகை மாறுற விஷயத்தையும் களிமண் விளையாட்டையும் ஆழமா எடுங்க, பாடப்புத்தகத்துல பரிணாமம் வர்றப்ப இது கை கொடுக்கும்.

மழைக்கு அப்புறம்

கடைசி வேலை வெளியில. மழைக்காலத்துலதான் இது மேல வரும், கூடலூர் பக்கம் ஜூன் ஜூலையில மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பர்லதான் பலமா பெய்யும், அதுக்கேத்தாப்ல நாளைப் பாத்துக்கோங்க. காலையில ஸ்கூலுக்கு நடந்து வர்ற வழியில ரோட்டோரம் கண்ணு வச்சுட்டே வரணும், உயிரோட பாத்தா மூணு எட்டு தள்ளி நின்னு அதுவே போறவரைக்கும் பாக்கணும், நடு ரோட்டுல கிடந்தா பிள்ளை ரோட்டுல இறங்கக் கூடாது, பெரியவங்ககிட்ட சொல்லணும், அவங்களும் கையால தொடாம நீளமான குச்சியால வந்த திசையிலேயே ஓரமா ஒதுக்கி விட்டா போதும். போட்டோ எடுக்க முடிஞ்சா மேல இருந்து ஒண்ணு, தலை, வால் நுனி தெளிவா தெரியுற மாதிரி ஒண்ணு, தள்ளி நின்னு ஜூம் பண்ணி. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல உங்க பேர்ல போட்டீங்கன்னா வகை என்னன்னு தெரிஞ்சவங்க பாத்து சொல்லுவாங்க, பிள்ளை பேரோ ஸ்கூல் பேரோ அதுல வேண்டாம்.

கிளாஸுக்குன்னு ஒரே ஒரு நோட்டு வைங்க, அதுல தேதி, இடம், முந்தின நாள் மழை பெஞ்சுச்சா, உயிரோடவா செத்தா, தோட்டமா ரோடா சோலை ஓரமா, யாரு பாத்தா, இவ்வளவும் பிள்ளைங்க கையெழுத்துலயே இருக்கணும். வருஷ முடிவுல எந்த ரோட்டு வளைவுல அதிகமா நசுங்குதுன்னு அந்த நோட்டே காட்டும், அதை எடுத்துட்டு பஞ்சாயத்துக்கும் ரேஞ்சர் ஆபீஸுக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, பேசறது அவங்களாவே இருக்கட்டும்.